அல்லியை விண்வெளிக்கு அனுப்பும் வாசகிக்கு

அன்புள்ள உசிலம்பட்டி வாசகிக்கு,

உங்கள் காமிக்ஸ் பக்கங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அல்லி அரசாணி கதையில் அல்லியை ஆணாக்கி அல்லியரசன் என்றும், அர்ச்சுனனைப் பெண்ணாக்கி அர்ச்சுனி என்றும் பெயர் வைத்திருக்கிறீர்கள். மதுரை, செவ்வாய்க்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நகரம். பழங்கதையை இப்படிப் புரட்டலாமா, வீட்டில் திட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் புரட்டலாம். திட்டுகிறவர்களிடம் நம் நாடக மேடையை நினைவுபடுத்துங்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் பெண் வேடம் கட்டியது சிறுவர்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் கம்பெனியில் ஆண் வேடமும் பெண்களுக்குத்தான். கே. பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராகவே திரையில் வந்தார். 1941இல் 'சாவித்திரி'யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதர். அதையெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்த்த ஊர்தானே இது.

புராணமும் சளைத்ததல்ல. மலயத்துவச பாண்டியன் பிள்ளை வேண்டி யாகம் செய்தான்; நெருப்பிலிருந்து மூன்று முலையோடு ஒரு பெண் குழந்தை வந்தது. ஆண்பிள்ளைபோல வளர்த்து முடிசூட்டச் சொன்னது அசரீரி. தடாதகை என்ற அந்தப் பெண், அதாவது மீனாட்சி, திசையெல்லாம் வென்று கயிலாயம் வரை போனாள். சிவனைக் கண்டாள், மூன்றாவது முலை மறைந்தது, படையெடுப்பும் முடிந்தது. இன்றைக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகமும் திக்விஜயமும் முடிந்த மறுநாள் திருக்கல்யாணம். சித்திரையில் அம்மன் கைக்கு வரும் செங்கோல் ஆவணியில் சுவாமிக்குப் போகிறது. நாலு மாதம் அவள் ஆட்சி, எட்டு மாதம் அவர் ஆட்சி. பங்கு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

பழைய கதைகள் ஆண் பெண் இடத்தை மாற்றத் தயங்கியதே இல்லை. மாற்றியதைக் கடைசியில் பழையபடி திருப்பி வைத்துவிடும், அவ்வளவுதான். புகழேந்தி பெயரில் வழங்கும் அல்லிக் கதையிலும் அப்படித்தான். பறிபோன மதுரையைப் போரிட்டு மீட்டு, பெண்களையே சுற்றி வைத்து ஆண்ட அரசி அவள். அவளை வெல்ல அர்ச்சுனனுக்கு வில் உதவவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வர, அர்ச்சுனன் பாம்பாகி அவள் படுக்கையறைக்குள் போகிறான். தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். மேடையில் இந்த இடத்துக்கு எத்தனை தலைமுறை சிரித்திருக்கும்!

அதனால்தான் உங்கள் மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன். அர்ச்சுனி ஒரு பாம்பு எந்திரத்தைக் காற்றுக்குழாய் வழியே அனுப்புகிறாள். அது தூங்கும் அரசன் கழுத்தில் ஒரு சில்லைப் பதிக்கிறது. விழித்ததும் அவன் கை கழுத்தைத் தடவுகிறது. படுத்திருப்பது ஆண் என்றதும் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் எதற்குச் சிரித்தோம் என்பது உறைக்கிறது. இதை ஒரே கட்டத்தில் முடித்துவிட்டீர்களே, ஏன்? இரண்டு பக்கம் கொடுங்கள். அந்தக் கை மட்டும் நாலு கட்டங்களில் வரட்டும், வசனமே வேண்டாம்.

மற்ற பக்கங்களில் ஆடை மட்டும்தான் மாறியிருக்கிறது. லேசர் வாள், வெடிக்கும் கப்பல், தோலோடு ஒட்டிய உடுப்பில் அர்ச்சுனி. ஹாலிவுட் கதாநாயகிக்கு அல்லி நகை போட்ட மாதிரி இருக்கிறது. அந்த நகரத்தில் அதிகாரம் எப்படி யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்காளத்து ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளியானது. ஆண்கள் அந்தப்புரத்துக்குள், பெண்கள் ஆட்சியில். எப்படி வந்தது அந்த நிலை? போரில் ஆண்கள் தோற்றுத் திரும்ப, சூரிய வெப்பத்தைக் குவித்து எதிரியை விரட்டியவர்கள் பெண்கள் பல்கலைக்கழகத்தார். காரணத்தைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் மேட் ஃபிராக்ஷன் எழுத, கிறிஸ்டியன் வார்டு வரைந்த 'ஒடி-சி' 2014இல் வரத் தொடங்கியது. ஹோமரின் ஒடிசி விண்வெளியில் நடக்கிறது. நாயகன் யுலிசஸ் அங்கே ஒடிசியா என்ற பெண் தளபதி. ட்ராய்ப் போருக்குக் காரணமான ஹெலன், அந்த உலகில் அரிதான ஓர் ஆண். தன்னைக் கவிழ்க்க ஒருவனும் வரக்கூடாதென்று பெண் சியூஸ் ஆண்குலத்தையே அழிக்கிறாள். அப்படியானால் பிள்ளை பிறப்பது எப்படி? அதற்காகவே 'செபெக்ஸ்' என்றொரு மூன்றாம் பாலைப் படைக்க வேண்டியதாயிற்று. அறிவியல் புனைவின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு பாலை ஒழித்துக்கட்டிய உலகம் ஃபிராக்ஷனுக்குக் கற்பனை. உங்கள் ஊர்ப் பெயரை அட்டையில் பார்க்கிறவர்கள் அப்படிப் படிக்கமாட்டார்கள். 1980களில் பெண் சிசுக்களுக்கு ஊட்டிய கள்ளிப்பாலைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் தேடி வந்த ஊர். பிறகு ஸ்கேன் மெஷின் வந்தது; கருவின் பாலைச் சொல்லக்கூடாதென்று 1994இல் சட்டமும் வந்தது. அதைக் கதையில் இழுத்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊரைப் பற்றி வெளியூர்க்காரன் எதிர்பார்ப்பதையே எழுதிக் கொடுக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் யார் பிறக்கலாம் என்பதைக் கருவி முடிவு செய்யும் உலகத்தை வரைய, செவ்வாய் வரைக்கும் போகத் தேவையில்லை.

வாசகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டி என்ற பெண்தான். இறக்குமதிச் சரக்கு என்றாலும் நம் பையன்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். வாசகன் ஏற்பானா என்ற கவலையை விடுங்கள்.

அடுத்த பக்கங்களை வரையுமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள். மூலக் கதையில் அல்லிக்குப் புலந்திரன் பிறக்கிறான். உங்கள் கதையில் தூக்கத்தில் சில்லு பதிக்கப்பட்டவன் ஆண். அப்படியானால் புலந்திரனைச் சுமப்பது யார், அவனா, அவளா, எந்திரமா? கேட்டுத்தான் சுமக்க வைத்தார்களா?

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்