சாம்பார் வாளியும் டூத்பேஸ்ட்டும்

தீக்காய வார்டு என்றதும் பலருக்கும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். நான் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் வார்டில் சின்னக் குழந்தைகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் வெந்நீர், சாம்பார், வடிகஞ்சி என்றுதான் அதிகம் இருக்கும். இறக்கி வைத்த பாத்திரமும் தரையில், தவழும் பிள்ளையும் தரையில்.

இதில் சாம்பார் பொல்லாதது. பருப்பும் எண்ணெயுமாகத் தோலில் அப்பிக்கொண்டு லேசில் ஆறாது. குழந்தையின் தோலோ மெல்லியது, சூடு சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும். விரல்களோடு சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கை அளவு என்பது அதன் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அப்படிப் பத்துக் கையளவு வெந்திருந்தால் டிரிப்ஸ் ஏற்றியே ஆக வேண்டும்.

டிரெஸ்ஸிங் அறையில் எனக்கு ஆத்திரம் வருவது டூத்பேஸ்ட்டைப் பார்க்கும்போதுதான். காய்ந்து வெள்ளையாய் ஒட்டிப்போயிருக்கும். சலைன் விட்டு ஊறவைத்து ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிள்ளை வீறிட்டு அழும்.

"ஏம்மா இதைப் போட்டீங்க?"

"சில்லுனு இருக்கும்னுதான் சிஸ்டர்..."

பாட்டி சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவில் மாமியார் மருமகள் சண்டை ஆரம்பித்துவிடும்.

சில்லென்று இருக்கக் குழாய்த் தண்ணீர் போதும். வெந்த இடத்தில் மட்டும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், குழந்தைக்குக் குளிர் தாங்காது. ஐஸ் வேண்டாம், இங்க் வேண்டாம், மாவும் வேண்டாம். உடனே முடியாவிட்டாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. சட்டையைக் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் விடுங்கள். வளையல், கொலுசு, அரைஞாணை வீக்கம் வருமுன் எடுத்துவிடுங்கள். எங்கள் வார்டில் அரைஞாண் வெட்டவென்றே ஒரு கத்தரி உண்டு. அப்புறம் துவைத்த பருத்தி வேட்டியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படி நேராமலிருக்க, வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். ஹீட்டர் ராடு போட்டால் குளியலறைக்கு வெளித்தாழ்ப்பாள். கல்யாணப் பந்தியில் பரிமாறும் வழியில் குழந்தையை இறக்கிவிடாதீர்கள்.

புண் ஆறிவிட்டது என்று பலர் அடுத்த செக்கப்புக்கு வருவதில்லை. கையில் பட்டிருந்தால் அதுதான் ஆபத்து. ஆறும் தோல் சுருங்கி விரலை மடக்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி விரல்களை நீட்டி, இரவில் ஸ்ப்ளிண்ட் கட்டி, மாதக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும்.