பேலம் குகை

குகைக்குத் தமிழில் 'பிலம்' என்றொரு பெயருண்டு. அதே வடசொல்லடியாகப் பிறந்த பெயரே 'பேலம்'. பெங்களூருக்கு வடக்கே, ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில் உள்ளது இக்குகை.

வயல்கள் சூழ்ந்த சமநிலத்தில், கிணறு போன்ற பள்ளத்தில் படியிறங்கினால், 3,229 மீட்டர் நீளமுள்ள வழிகள் கிளைக்கின்றன. இவற்றை அகழ்ந்தவர் எவருமிலர், நீரே அகழ்ந்தது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு, நீர் சொட்டுமிடத்தில் மீண்டும் படிந்து கல்விழுதாகத் தொங்குகிறது. அதனைத் தொடலாகாது. கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு எளிதில் படியாது. பல நூற்றாண்டு வளர்ச்சி ஒரு விரலால் நின்றுவிடக்கூடும்.

சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு பூட், 1884-இல் இக்குகையைக் குறித்துள்ளார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1982, 1983-ஆம் ஆண்டுகளில் செருமானியக் குழுவினர் இதனை அளந்தனர். அதன் பின்னரும் சேறும் குப்பையும் நிறைந்தே கிடந்தது! தூய்மை செய்யப்பட்டு, 2002-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

குகையின் மிக ஆழமான இடம் பாதாளகங்கை. வாயிலிலிருந்து 46 மீட்டர் கீழே உள்ளது. அங்கு ஓர் ஓடை பாறைக்குள் புகுந்து மறைகிறது. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில், நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகளுக்குள் முக்குளிப்போர் காற்று உருளைகளுடன் நீந்திச் சென்று வழியை அளக்கின்றனர். பேலத்தில் பார்வையாளர் அவ்வோடையின் கரையிலேயே நின்று திரும்புகின்றனர்.

வினா: கல்விழுதைத் தொடலாகாது என்பது ஏன்?