பழைய எழுத்துப் பெட்டியும் அதனை உடையாரும்

பெட்டியின்மேற் பொறித்த பெயரே அதனை உடையார் பெயரென்பது பலர் துணிபு. அது முற்றும் பொருந்தாது.

சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலில் வந்தோர் மசூலாப் படகேறி அலைகளைக் கடந்தே கரை சேர்ந்தனர். அவர்தம் எழுத்துப் பெட்டிகள் பயணத்திற் சிதையாவண்ணம் பித்தளைக் கட்டுப் பெற்றிருந்தன. தந்தமிழைத்த விசாகப்பட்டினத்துப் பெட்டிகளும் அக்காலத்துப் பெயர் பெற்றன. இன்று அத்தகைய பெட்டியொன்று இராயபுரத்து இல்லமொன்றிற் கிடைப்பின், உடையாரை அறியுமாறு எங்ஙனம்?

முதற்கண் பூட்டை நோக்குக. அதில் பிராமாவின் காப்புரிமை குறிக்கப்பெறின் அப்பூட்டு 1784-க்கும், சப் என்பாரது குறிக்கப்பெறின் 1818-க்கும் முற்பட்டதன்று. எனினும் பூட்டு பின்னர் மாற்றப்பட்டதா என ஆணித்துளைகளை ஆராய்தல் வேண்டும். அடுத்து, மையொற்றுத் தாளைக் கண்ணாடிமுன் பிடிப்பின் இடவலம் மாறிய எழுத்து நேராகும். மறையறைகளையும் திறந்து காண்க.

பெயர் கிடைத்தபின் ஆவணங்களை நாடுக. 1753-இல் நிகழ்ந்த கிளைவின் திருமணத்தைக் காட்டும் கோட்டைத் தூய மரியாள் ஆலயப் பதிவேடும், 1905-இல் காட்டன் வெளியிட்ட சென்னைக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுதியும் உதவும். ஒரு பெயருடையார் பலராதலின், காலமும் இயைதல் வேண்டும்.

புகழ்பெற்ற தளபதியினது எனின் பெட்டியின் விலை ஏறும். ஆயின் அதன்மேல் நாள்தோறும் எழுதிய எளிய எழுத்தரின் நினைவு அழியும். ஆதலின், சான்று நிரம்பாவிடத்து 'உடையார் அறியப்படாதவர்' என்றெழுதுதலே ஆராய்வார்க்கு அறமாம்.