பிள்ளை பக்கத்தில் இருந்தால் தாய் மீளலாம்

போதைப் பழக்கம் என்றதும் நாம் ஆம்பிளைகளைத்தான் நினைக்கிறோம். இந்தப் பாடத்தில் பார்க்கப்போவது தாய்மாரை. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ பக்கத்து வேரோடு அமெரிக்காவில் வாழும், ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்.

அவர்களுக்குக் குடும்பம்தான் எல்லாம். 'ஃபமிலிஸ்மோ' என்று அதற்கு ஒரு பேரே உண்டு. ஆனால் அந்தப் பாசமே வாயையும் கட்டிவிடுகிறது. மாதா போல எல்லாம் பொறுக்கிறவளே நல்ல தாய் என்று நினைக்கும் வீட்டில், "நான் குடிக்கிறேன்" என்று எவள் சொல்வாள்? சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் வேறு.

வீண் பயமுமில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை அரச பராமரிப்பில் இருந்தால், தாயின் உரிமையை நீக்க அரசு பொதுவாக வழக்கு வைக்க வேண்டும். போதையை விட அந்தக் காலம் பலருக்குப் போதாது. நமக்கு இது கொடுமையாகவே படுகிறது.

பிள்ளை சொந்தக்காரரிடம் வளர்ந்தால் அந்த வழக்கைத் தவிர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அங்கேதான் 'அபுவேலா', நம் அம்மாயி மாதிரி, கைகொடுக்கிறாள். பாஸ்டன் நகரப் பொதுச் சுகாதாரப் பிரிவு 'என்ட்ரே ஃபமிலியா' என்ற விடுதியையே ஏற்படுத்தியது. குடும்பத்தாருக்குள்ளே என்று அர்த்தம். தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கலாம். பேச்சும் சிகிச்சையும் அவர்கள் மொழியிலேயே.

எல்லா உறவும் மருந்தாகாது. புருசனும் குடிக்கிற வீட்டுக்கே திரும்பினால் பழக்கமும் திரும்பி வரும். அப்படியான தாய்க்கு, ஏசாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கிளினிக்குக்கு அனுப்பிவைக்கிற ஒரு அக்காவோ அம்மாவோதான் வேண்டியிருக்கிறது.