இரண்டாவது வன்தட்டு காணாமற் போகிறதா?

நம் வீடுகளில் உள்ள மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. முதல் தட்டில் விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் இருக்கும். அது பழுதானால் கடைக்காரர் வேறொன்றைப் பொருத்தி, அன்று மாலையே மீண்டும் நிறுவித் தந்துவிடுவார். திரும்பப் பெற முடியாதவற்றை நாம் இரண்டாவது தட்டில்தான் வைக்கிறோம்: பெண்ணின் கலியாணப் படங்கள், ஊர் நிலத்துப் பத்திரங்களின் நகல், காலஞ்சென்ற பாட்டியின் குரல். பழைய கணிப்பொறியிலிருந்து கழற்றிய தட்டையே இரண்டாவதாகப் பொருத்துவதும் நம் வழக்கம். ஆக, வீட்டின் விலைமதிப்பற்ற சரக்கு, மிகப் பழைய வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறது.

இத்தட்டு அடியோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. இன்று தெரிந்து நாளை மறையும் தட்டுதான் தொல்லை. "நேற்று வேலை செய்ததே!" என்று நாமும் நாளைக் கடத்துகிறோம். விட்டுவிட்டு வரும் இத்தகைய பழுதை ரயில்வே பணிமனைகளில் எப்படித் தேடுவோமோ, அதே முறையில் தேடினால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

தட்டின் உள்ளே

மேசைக் கணிப்பொறியின் வன்தட்டுகளில் பல, நிமிடத்துக்கு 7200 முறை சுழல்பவை. உள்ளே இருக்கும் தட்டின் விட்டம் ஏறக்குறைய 95 மி.மீ. பள்ளி செல்லும் பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: சுற்றளவு சுமார் 30 செ.மீ., நொடிக்கு 120 சுற்று. விளிம்பின் வேகம் மணிக்கு சுமார் 129 கி.மீ. ஆகிறது. இந்த வேகத்தில் ஓடும் பரப்புக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் கனத்தில் இது பல ஆயிரத்தில் ஒரு பங்கு. நோயுற்ற தட்டை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதற்படி: சரக்கை இறக்குங்கள்

தட்டு தெரியும் நேரத்திலேயே, வேறெதையும் தொடுவதற்கு முன், உள்ளிருப்பவற்றைப் புதிய தட்டு ஒன்றுக்கு நகல் எடுங்கள். ஈடில்லாதவை முதலில், சினிமாவும் பாட்டும் கடைசியில். செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கட்டளைகளை நகல் எடுக்குமுன் ஓட்டக்கூடாது. அவை தட்டின் மீது எழுதி மாற்றம் செய்பவை. தேய்ந்த தட்டை மணிக்கணக்கில் அலைக்கழிப்பவை.

ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசல் கண்டார்கள் அந்நாளில். இங்கும் காது உதவும். "டக், டக்" என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் திறந்து பார்ப்பது கூடவே கூடாது.

இரண்டாம் படி: குறிப்பேடு

தட்டு மறையும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். சும்மா இருந்து 20 நிமிடம் கழித்து மறைந்தால், மின்சாரச் சேமிப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், வன்தட்டை நிறுத்தும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று மாற்றிப் பாருங்கள். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது மறைந்தால் கேபிள், மின்வழங்கி அல்லது சூடு காரணமாகலாம். பெட்டியை அசைத்தால் மறைகிறது என்றால் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: தட்டின் சொந்த வாக்குமூலம்

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அதைக் காட்டும். மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்ற வரி, தட்டு பழுதென்று கைவிட்டு மாற்றிடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி7 என்பது, தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்த தடவைகள். எண்கள் பதினாறின் அடிமானத்தில் தெரியலாம். அப்போது 10 என்று இருந்தால் 16 என்று கொள்ள வேண்டும்.

05, சி5 இரண்டும் ஏறிக்கொண்டே போனால் நோய் தட்டிலேயே இருக்கிறது. அவை சுழியாக இருந்து சி7 மட்டும் ஏறினால், வண்டி நன்றாக இருக்கிறது, கப்ளிங்தான் சரியில்லை என்று பொருள். சி7 ஒருமுறை ஏறினால் மீண்டும் இறங்காது. ஆகவே அதன் அளவைவிட, கேபிள் மாற்றிய பின்னும் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

நான்காம் படி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கேபிள், துளை, மின்இணைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி தப்பித்துவிடுவான். கணிப்பொறியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக் கைமின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் சாட்டா கேபிளை இருபுறமும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். ஜூலை மாதத்து மும்பையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து இணைப்பு முனைகளில் படலம் உண்டாக்கும். கழற்றிச் செருகும் உராய்விலேயே அது பல நேரம் நீங்கிவிடும். சில நாள் கவனித்து, குறை தீராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகே லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும். மாட்டுங்காவில் இருவர் சிற்றுண்டி சாப்பிடும் செலவுதான். பிறகு மதர்போர்டில் வேறு துளை, அதன் பின் வேறு மின்இணைப்பு.

மின்னழுத்தமானியைக் கையாளத் தெரிந்தவர்கள் அளந்து பார்க்கலாம். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெட்டியை மேசையடியில் தள்ளும்போதெல்லாம் தட்டு மறைந்தது. தட்டை மாற்றச் சொன்னார்கள் சிலர். 05, சி5 இரண்டும் சுழி. சி7 மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. கேபிளை மாற்றிய பின் அந்த எண் அசையவில்லை, தட்டும் மறையவில்லை.

மடிக்கணினியில் யு.எஸ்.பி. வழியே தட்டு வைத்திருப்போருக்கும் இதே முறைதான். சிறிய தட்டுகள் யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 0.5 ஆம்பியரும், 3.0 துளை 0.9 ஆம்பியரும் தருவதற்கென வகுக்கப்பட்டவை. நடுவில் பிரிப்பான் வைக்காமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

தீர்ப்பு

நோய் தட்டில்தான் என்று தெரிந்தால் தயங்க வேண்டாம். ரயில்வேயில் பழுதான வண்டிக்கு 'சிக்' என்று குறித்துத் தனித் தடத்தில் ஒதுக்கிவிடுவோம். அதில் மறுபடி சரக்கு ஏற்றமாட்டோம். "காலியாகத்தானே இருக்கிறது" என்று அந்தத் தட்டைப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் தவறு.

மூன்று வரிகளும் சுழியாக இருப்பதால் நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007இல் ஆய்வு வெளியிட்டனர். பழுதான தட்டுகளில் நூற்றுக்கு 36க்கும் மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்மார்ட் பதிவில் எந்த அறிகுறியும் காட்டியிருக்கவில்லை.

எனவே சோதனை எவ்வளவு முக்கியமோ, நகலும் அவ்வளவு முக்கியம். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்பது நல்ல விதி. வேறு இடம் ஏன்? 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்ததை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். தரைத்தளத்து வீட்டில் ஒரே அலமாரியில் வைத்த இரண்டு பிரதிகளையும் அத்தகைய வெள்ளம் சேர்த்தே கொண்டுபோகும். தாராவியில் இருப்பவர் ஒரு பிரதியைத் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் வைக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 05, சி5, சி7 ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.