ஆறு விரல் கிதார்காரரும் நாற்காலிக் காலும்



மலருக்கு எழுதச் சொன்னதும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. வருவது கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ். அதுவும் முழுசாக வராது என்பது என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்! ஆகவே எனக்குப் பிடித்த ஒரு கிதார்காரரைப் பற்றியும், அவர் கையில் இருந்த மட்டமான சாமான்களைப் பற்றியும், அந்தச் சாமான்களுக்குள் இருக்கும் நம்ம பாடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

தியோடர் ரூஸ்வெல்ட் டெய்லர் என்பது முழுப்பெயர். உலகம் கூப்பிட்டது ஹவுண்ட் டாக் டெய்லர் என்று. 1915ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நாச்செஸ் என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். பிறக்கும்போதே இரண்டு கையிலும் ஆறு ஆறு விரல். ஒருநாள் இரவு குடிபோதையில் வலது கையில் இருந்த ஆறாவது விரலை பிளேடால் அறுத்துக்கொண்டாராம். (படிக்கும்போதே எனக்குக் கை கூசியது.) இடது கை விரல் கடைசிவரை இருந்தது.

முதலில் பியானோதான் வாசித்தார். கிதாரைத் தொட்டபோது வயது இருபது இருக்கும். 1942ல் சிகாகோவுக்கு வந்தார். பருத்திக் காட்டு வேலையை விட்டுத் தொழிற்சாலை வேலை தேடி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே போன காலம் அது. அவர்களோடு போன ப்ளூஸ் இசை, சிகாகோவின் சத்தமான மதுக்கடைகளில் கரண்டில் ஓட ஆரம்பித்தது. டெய்லர் பகலில் கூலி வேலை, இரவில் கிதார் என்று பதினைந்து வருஷம் ஓட்டினார். 1957 வாக்கில்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இசை என்றானார்.

சரி, இப்போது சாமான்களுக்கு வருவோம். நான் எழுத வந்ததே இதற்குத்தான்.

கிதார், ஜப்பானில் செய்த மலிவு விலைச் சரக்கு. ஆம்ப்ளிஃபையர், சியர்ஸ் என்ற பெரிய கடை 'சில்வர்டோன்' என்ற பெயரில் விற்ற வால்வு செட். அதன் ஸ்பீக்கர்களின் கோன் வெடித்துப் போயிருந்தது. 'ஸ்லைடு' என்பது கம்பியின் மேல் வழுக்கி வாசிக்க விரலில் மாட்டும் குழாய். அவருடையது சமையலறை நாற்காலியின் இரும்புக் காலை அறுத்து எடுத்தது! கனம் போதாது என்று உள்ளே பித்தளைக் குழாயைச் செருகியிருந்தார்.

இது ஏன் வேலை செய்கிறது? முதலாண்டு பிசிக்ஸ் லேபில் சோனோமீட்டர் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இழுவிசை மாறாமல் இருந்தால் அதிர்வெண் கம்பியின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதம். கத்தி முனையை நகர்த்தி நகர்த்தி ரைடர் பேப்பர் எப்போது விழும் என்று பார்த்தோம். டெய்லர் கையில் இருந்தது அந்த நகரும் கத்தி முனைதான். 648 மில்லிமீட்டர் கம்பி என்றால் நடுவில், 324ல் வைத்தால் சுருதி சரியாக இரட்டிப்பு. ஒவ்வொரு அரைச்சுருதிக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏறும். அதனால் முதல் கட்டை ஏறத்தாழ 36 மில்லிமீட்டரில் வரும், அதற்கப்புறம் இடைவெளி குறைந்துகொண்டே போகும். விரலால் அழுத்தினால் அந்தக் கட்டைகளில்தான் நிற்க முடியும். ஸ்லைடுக்குக் கட்டை கிடையாது. இரண்டு சுருதிக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், மனுஷன் குரல் மாதிரி இழுக்கலாம். நம்ம சித்திரவீணையும் இதே தத்துவம்தான். கனம் எதற்கு என்றால், லேசான குழாய் கம்பியோடு சேர்ந்து தானும் ஆடி அதிர்வைக் குடித்துவிடும். கனமான இரும்பு அசையாமல் நின்று அதிர்வைத் திருப்பி அனுப்பும், நாதம் நீளும்.

இன்னொரு வேடிக்கை, இவருடைய ஹவுஸ்ராக்கர்ஸ் குழுவில் பேஸ் கிதாரே கிடையாது. டெய்லர், இரண்டாவது கிதாரில் ப்ரூவர் பிலிப்ஸ், டிரம்ஸில் டெட் ஹார்வி. மூன்றே பேர்! பிலிப்ஸ் சாதாரண கிதாரின் தடித்த கம்பிகளிலேயே பேஸ் வேலையையும் பார்த்துவிடுவார்.

இங்கே என் கதை கொஞ்சம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்க அப்பா மைக் செட் கடையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். போன வருஷம் மினி புராஜெக்ட்டுக்கு எல்.எம். 386 ஐ.சி.யில் சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்தேன். வீட்டில் வைத்துப் பாட்டுப் போட்டேன். ஒரே கரகர. "பழைய ஸ்பீக்கர்ப்பா, கோன் போயிருக்கும்" என்றேன். அப்பா வால்யூமைக் குறைத்தார், ஏற்றினார், காதைப் பக்கத்தில் வைத்தார். "குறைச்சா நின்னுருதேடா. கோன் கிழிஞ்சா குறைச்சாலும் பிசிறடிக்கும். இது ஸ்பீக்கர் இல்ல, உன் மிஷின்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் நானா அவரா? ஸ்பீக்கரை மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். வைவாவில் அதே கரகர. ஏன் என்று கேட்டார்கள், முழித்தேன். மார்க் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐ.சி.யின் 1, 8 கால்களுக்கு நடுவே நான் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருந்தேன், அதனால் பெருக்கம் 200. உள்ளே போன சிக்னலின் உச்சம் 50 மில்லிவோல்ட் என்றால் வெளியே 10 வோல்ட் உச்சம் வர வேண்டும், மேலும் கீழுமாக 20 வோல்ட். நான் கொடுத்ததோ 9 வோல்ட் பேட்டரி! அலை எங்கே போகும்? மேலே முட்டி, கீழே முட்டி, தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டது. இதுதான் கிளிப்பிங். 100 ஹெர்ட்ஸ் போட்டால் கூடவே 300, 500 என்று ஒற்றைப்படை மடங்குகளும் கிளம்பும், அதுதான் அந்தக் கரகர. கெப்பாசிட்டரைக் கழற்றினேன். பெருக்கம் 20 ஆனது, உச்சம் 1 வோல்ட். சத்தம் குறைந்தது, சுத்தமாகப் பாடியது.

டெய்லரின் செட்டும் முழு வால்யூமில் இப்படித்தான் வெட்டுப்பட்டது. ஆனால் வால்வு, ஐ.சி. மாதிரி கத்தியால் சீவாது, முனையை மழுக்கும். அதோடு கிழிந்த கோனின் பிசிறும் சேர்ந்துகொள்ளும். ஆக அவரிடம் இரண்டு கோளாறு, இரண்டும் வேறுவேறு. அவர் ஆசைப்பட்டுத்தான் மட்டமானதை வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன், கையில் காசு இருந்திருந்தால் என்ன வாங்கியிருப்பாரோ. ஆனால் எந்தச் சுருதியில் எவ்வளவு இரைச்சல் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. எனக்கு என் சர்க்யூட் அப்படித் தெரியாது.

சிகாகோவில் டெல்மார்க் என்ற ரிக்கார்டு கம்பெனியில் பார்சல் கட்டும் வேலை பார்த்த ப்ரூஸ் இக்லவர் என்ற இளைஞர், 'ஃப்ளாரென்ஸ் லவுஞ்ச்' என்ற கடையில் இவர் வாசிப்பைக் கேட்டு மயங்கிவிட்டார். முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. தனக்கு வந்த 2500 டாலர் குடும்பச் சொத்தைப் போட்டு 1971ல் தானே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் அலிகேட்டர் ரிக்கார்ட்ஸ். இரண்டே மாலைகளில், கடையில் வாசிக்கிற மாதிரியே நேரடியாகப் பதிவு. முதலில் அடித்தது 1000 தட்டு. அந்தக் கம்பெனி பிற்பாடு கோகோ டெய்லர், ஆல்பர்ட் காலின்ஸ் போன்ற பெரியவர்களின் தட்டுகளையெல்லாம் வெளியிட்டது.

முதல் ஆல்பம் வந்தபோது டெய்லருக்கு வயது 56. அதற்கப்புறம் நான்கு வருஷம்தான். 1975 மே மாதம் வாக்குவாதத்தில் கூட வாசித்த பிலிப்ஸையே துப்பாக்கியால் சுட்டுவிட்டார்! பிலிப்ஸ் பிழைத்துக்கொண்டார். வழக்கு விசாரணைக்கு வருமுன் அதே ஆண்டு டிசம்பர் 17ல் நுரையீரல் புற்றுநோயால் டெய்லர் இறந்துபோனார். 1984ல் ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இவரது பாட்டை முதல் தடவை செல்போனில் போட்டபோது அப்பா வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். யார் பாடுகிறார், எந்த ஊர் என்று எதுவும் நான் சொல்லவில்லை. அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "டேய், அந்தப் பாட்டுக்காரன் பெட்டியில கோன் கிழிஞ்சிருக்கு" என்றார். 1971ல் சிகாகோவில் பதிவான பாட்டு!

"ஆமாப்பா, கிழிஞ்சதுதான்."

"மாத்தலையா அவன்?"

"மாத்தலப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, இன்னொண்ணு போடு" என்றார்.

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்