மனநோயும் நீதிமன்றமும்

நுழையும்முன்

குற்றம் புரிந்தவர் தண்டனை பெறுதல் முறை. தாம் செய்வது இன்னதென்றே உணர இயலாத மனநோயாளியிடம் அம்முறை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? சட்டம் இதனை இரு வினாக்களாகப் பகுத்துக் காண்கிறது. இரண்டையும் விளக்குகிறது இப்பாடம்.

செயலின்போது மனநிலை

1843ஆம் ஆண்டு இலண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் இராபர்ட் பீல் எனக் கருதி அவருடைய செயலர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். சில நாள்களில் டிரம்மண்ட் இறந்தார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துன்புறுத்துவதாக மெக்நாட்டன் நம்பியது மனநோயின் விளைவு என்பதால், அவர் குற்றவாளி அல்லர் என ஜூரியினர் முடிவு செய்தனர். அத்தீர்ப்பு பெரும் விவாதத்தை எழுப்பியது. அதனையொட்டி நீதிபதிகள் வகுத்துரைத்த விதிகளின் சாயலில் அமைந்ததே, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்திற்கு முரணானது என்பதையோ அறிய இயலாத மனநிலையில் செய்த செயல் குற்றமாகாது என்பதே அதன் கருத்து. மனநோய் உண்டு என்னும் மருத்துவச் சான்று மட்டும் போதாது. அச்செயலைச் செய்த வேளையில் அவ்வறிவு இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே காட்ட வேண்டும்.

விசாரணையின்போது மனநிலை

தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாதெனப் புரியாதவர், தம் வழக்கறிஞரிடம் எதனை எடுத்துரைப்பார்? அத்தகையவரை விசாரிப்பது ஒருதலை வழக்காகவே முடியும். ஆதலால், மருத்துவ ஆய்வுக்குப்பின் அவரால் தம் தரப்பை எடுத்துரைக்க இயலாது எனத் தெரிந்தால், விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. அவர் நலம்பெற்றபின் அது தொடரலாம்.

அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர் யார்? அசாம் மாநிலத்தவர் ஒருவர் 1951ஆம் ஆண்டு கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967ஆம் ஆண்டு அவர் நலமடைந்துவிட்டதாக மருத்துவர்கள் சான்றளித்தனர். ஆயினும் விசாரணை நடைபெறவில்லை, சிறைவாசமே தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டு, ஒரு ரூபாய்ப் பிணையில் அவர் வெளிவந்தபோது 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. இளைஞராய்ச் சென்றவர் முதியவராய்த் திரும்பினார். அவரைக் குற்றவாளி என எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கவில்லை.

நாம் உணர வேண்டியது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வாரியத்திற்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. மருத்துவர் அறிக்கை தர, சிறை அதனை அனுப்ப, நீதிபதி அதனைப் படித்து ஆணையிட வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், காக்க வந்த சட்டமே சிறைக்கதவைப் பூட்டிவிடும். மனநோயாளியின் வழக்கை ஒத்திவைப்பது இரக்கம். ஒத்திவைத்ததை மறவாதிருப்பதே நீதி.

கற்பவை கற்றபின்...

1. செயலின்போதுள்ள மனநிலை, விசாரணையின்போதுள்ள மனநிலை ஆகியவற்றைச் சட்டம் தனித்தனியே ஆராய்வது ஏன்? விளக்குக.
2. 'ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு வழக்கிற்கும் மறுஆய்வு நாள் குறிக்கப்பட வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.